லாத்தாவின் இடது பக்கம்

லாத்தா நோட்டைத் திறந்தால் முதலில் இடது பக்கத்தில்தான் எழுதுவார். கோடு போட்ட நீள நோட்டு. நடுவில் தைத்திருக்கும் நூல் தெரிகிற அளவுக்கு விரித்து, உள்ளங்கையால் இரண்டு தரம் நீவிவிட்டு, இடது பக்கத்தின் தலையில் 'இல்லாட்டி' என்று எழுதுவார். வலது பக்கத்தின் தலையில் 'இருந்தா'. லாரி இல்லாட்டி, வெயில் இல்லாட்டி, கரண்டு இல்லாட்டி, பேச்சியம்மா இல்லாட்டி. இடது பக்கம் முடிந்த பிறகுதான் பேனா வலது பக்கம் போகும். சில நாள் அந்தப் பக்கம் போகாமலே நோட்டை மூடிவிடுவார்.

"கெட்டதையே மொதல்ல எழுதுதியளே லாத்தா, பயமா இருக்காதா?" என்று எங்களோடு வேலைபார்க்கும் பேச்சியம்மா கேட்பாள்.

"நல்லது வந்தா அதுக்கு நோட்டு எதுக்குட்டி? அது பாட்டுக்கு வந்துட்டுப் போவுது. கெட்டதுக்குத்தான் எடம் ஒதுக்கி வைக்கணும்."

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற ரோட்டில், வல்லநாட்டு ஆற்றுப்பாலத்துக்கு முன்னால் இருக்கிறது எங்கள் கிட்டங்கி. அவுரி இலை சேர்த்துவைக்கும் கிடங்கு. நாங்கள் ஏழு பெண்கள் தரையில் உட்கார்ந்து இலை பிரிப்போம். எட்டாவது ஆள் லாத்தா. அவர் மேசைக்காரர். சரக்கு கப்பலேறுவதற்கு வேண்டிய காகிதங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மேலப்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வந்ததும் கறுப்பு அங்கியைக் கழற்றி ஜன்னலோரத்து ஆணியில் மாட்டுவார். அவர் ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். முதலாளிகூட அவரை லாத்தா என்றுதான் சொல்வார், அவர் இல்லாதபோது.

அவுரி எங்கள் பக்கத்து வறண்ட நிலத்தில் விளையும் சின்னச் செடி. இலையைக் களத்தில் காயவைத்து, காம்பும் கல்லும் நீக்கி, நிறம் பார்த்துப் பிரித்து, சிப்பமாக அழுத்திக் கட்டி ஐரோப்பாவுக்கு அனுப்புவோம். அங்கே அது மலச்சிக்கலுக்கு மருந்து.

"நாம ஏழு பேரும் ஒரு வாரம் லீவு போட்டா வெள்ளக்காரன் ஒருத்தன் மொகத்துலயும் சிரிப்பு இருக்காதுளா" என்று செல்வராணி சொன்னால் கிட்டங்கியே குலுங்கும். நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன். எனக்குப் பேச்சு வராது. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அந்தப் பத்து வருடத்திலும் 'உள்ளேன் டீச்சர்' என்பதைத் தவிர உரக்க எதுவும் சொன்னதாக நினைவில்லை.

ஒரு சித்திரை மாதம், வெயில் மண்டையைப் பிளக்கும்போது, லாத்தா தார்ப்பாயை எடுத்து இலைக்களத்து ஓரத்தில் விரித்து வைக்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானம் பாபநாசத்து மலைப்பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாயை இழுத்து மூடியதில், அரை மணி நேரம் அடித்த மழைக்கு ஒரு இலை நனையவில்லை. அதற்காக லாத்தா பெருமைப்பட்டதாகத் தெரியவில்லை. இன்னொரு நாள் அதே மாதிரி தார்ப்பாய் விரிக்கவைத்து, மழை வரவே இல்லை. அன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். நோட்டின் இடது பக்கத்தில் மேலிருந்து கீழே குறுக்காக ஒரு கோடு இழுத்தார். "மிச்சம்!" என்றார். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் போய்விட்ட பிள்ளை மாதிரி சிரித்தார்.

எழுதிவைத்த கெட்டது நடக்காமல் போகும்போதெல்லாம் அந்தக் கோடும், அந்த ஒற்றைச் சொல்லும், அந்தச் சிரிப்பும் வரும். அதைப் பார்க்கவே நான் மேசைக்கு எதிரில் இடம் பிடித்து உட்காருவேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதுவும் கேட்டுச் சொன்னதல்ல. ரப்பர் முத்திரையைத் துடைத்துக்கொண்டே, "எங்க வாப்பா கொழும்புல கடை வச்சிருந்தாவ. ஒரே நாள்ல போச்சு. மாத்துத் துணி இல்லாம வந்து நின்னாவ. வீட்டுல ஒருத்தரும் அதுக்கு எழுதி வைக்கல" என்றார். பிறகு முத்திரை குத்தப் போய்விட்டார்.

எங்களுக்குள் ஒரு குழம்பு முறை உண்டு. எட்டுப் பேருக்கும் தினம் ஒருத்தி குழம்பு கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் சோறு மட்டும் கொண்டுவந்தால் போதும். முறைக்காரி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிவந்து ஒவ்வொரு தட்டிலும் ஒரு அகப்பை ஊற்றுவாள். சண்டை போட்டுப் பேசாமலிருந்தாலும் முறையில் இருக்கும் தட்டைத் தாண்டிப் போகக்கூடாது. யாரும் சொல்லிவைத்த சட்டமல்ல. அப்படியே நடந்துவந்தது. லாத்தா குழம்பை ஆணம் என்பார். அவர் முறையன்று புளியாணம் வரும். ஒரு அகப்பைக்கு மேல் கேட்க எனக்கு வெட்கம். அவரே பார்த்துவிட்டு இன்னும் அரை அகப்பை விடுவார்.

ஒரு ஆடி மாதம் செல்வராணி முறையைவிட்டுப் போனாள். சாளை மீன் குழம்பு கொண்டுவந்திருந்தாள். பேச்சியம்மா தட்டில் கிண்டிப் பார்த்துவிட்டு, "போன வாரம் எனக்குத் தலை. இந்த வாரம் வாலு. உங்க வீட்டுச் சாளைக்கு நடுப்பக்கமே கெடையாதாளா?" என்றாள். 

"நான் போடுததும் கூட, எனக்கு வாரதும் கொறச்சல். ஒங்க கூட்டும் வேண்டாம், ஒங்க கொழம்பும் வேண்டாம்" என்று செல்வராணி தட்டோடு எழுந்து தண்ணீர்த்தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரத்தில்தான் அயர்லாந்துக்காரரின் கடிதம் வந்தது. எங்கள் முதல்தர இலையை வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். அவர் விட்டால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. அது தரை கூட்டுகிறவளுக்கும் தெரியும். அவருக்குப் போகும் சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறி இங்கிலாந்தில் இறங்கும். அங்கே லாரியில் ஏறி அந்த நாட்டைக் குறுக்கே கடந்து, மறுபடி கடல் தாண்டி அயர்லாந்து சேரும். இரண்டு நாடும் ஒரே ஐரோப்பியக் கூட்டில் இருந்ததால் நடுவில் யாரும் மறித்துக் காகிதம் கேட்பதில்லை. இப்போது இங்கிலாந்து கூட்டைவிட்டு விலகப்போகிறது. ஒப்பந்தம் பேசிவிட்டு விலகுமா, பேசாமலே விலகுமா என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் தங்கள் நிதி மந்திரி அடுத்த வருட பட்ஜெட்டுக்கு இரண்டு விதமாகவும் திட்டம் போட்டு வைத்திருக்கிறார் என்று அவர் எழுதியிருந்தார்.

லாத்தா அந்தக் கடிதத்தைத் தமிழில் எங்களுக்குச் சொன்னபோது அவர் குரலே மாறியிருந்தது. 

"பாத்தியளா, அவரு நோட்டுலயும் ரெண்டு பக்கம் இருக்கு!"

பேச்சியம்மாவுக்குப் புரியவில்லை. "போறது இங்கிலாந்து. பட்ஜெட்டு இடிக்கது அயர்லாந்துக்கா? இது எந்த ஊரு நியாயம் லாத்தா?"

லாத்தா என்னைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

"செல்வராணி முறைய விட்டுப் போனாள்ளா. அதுக்கு முன்னால ஒனக்கு மீனு எந்த வழியா வந்துது?"

நானும் செல்வராணியும் முறப்பநாட்டில் ஒரே தெரு. அவள் வீட்டுக்காரர் தூத்துக்குடியிலிருந்து வண்டியில் மீன் கொண்டுவருபவர். 

"அவ வீட்டுக்காரர் தருவாவ" என்றேன்.

"இப்போ?"

"ரோட்டு மேல வாங்குதேன்."

"வெல?"

"கூடத்தான்."

"ஒங்க வீட்டு முருங்கக்காய யாரு வாங்கிட்டுப் போவா?"

"அவதான்."

"இப்போ?"

"மரத்துலயே முத்திக் கெடக்கு லாத்தா."

"இந்த மாசம் மவளுக்குச் சுடிதார் எடுக்கேன்னியே, எடுத்தியா?"

"தீவாளிக்குப் பாப்போம்னு சொல்லிட்டேன்."

லாத்தா கையைத் தட்டினார். "இம்புட்டுத்தாம்ட்டி பட்ஜெட்டு! வாரது கொறையும், வாங்குதது வெல கூடும், விக்கது விக்காது. புள்ளைக்குத் தாரேன்னு சொன்னதத் தள்ளி வைக்கணும். போனது அவ. திட்டம் மாறுனது ஒன் வீட்டுல. நீதாம்ட்டி அயர்லாந்து!"

தொட்டிப் பக்கமிருந்து செல்வராணி கத்தினாள்: "அப்ப நான் யாரு, இங்கிலாந்து ராணியா?"

"ஆமாட்டி. கிரீடத்த மட்டும் சோத்துக்குள்ள போட்டுராத" என்றார் லாத்தா. செல்வராணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பதினைந்து நாளில் தட்டைத் தூக்கிக்கொண்டு வட்டத்துக்குத் திரும்பிவிட்டாள். என் மகளின் சுடிதார் மட்டும் தீபாவளிக்கே நின்றுவிட்டது.

அன்றிலிருந்து லாத்தா என்னை அயர்லாந்து என்றே கூப்பிட்டார். மற்றவர்கள் கூப்பிடவில்லை. அவர் மட்டும்தான். "ஏட்டி அயர்லாந்து, அந்தச் சிப்பத்துல சீட்டு ஒட்டியாச்சா?" "அயர்லாந்து, தண்ணி குடிச்சியா?" கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இன்னாரின் பெண்சாதி, இன்னாரின் அம்மா என்றுதான் என்னைச் சொல்வார்கள். ஒரு நாட்டின் பெயரால் என்னைக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர். கடல் நடுவில் பச்சையாக இருக்கும் என்று படம் காட்டினார். எனக்கு என்னமோ அந்தப் பச்சை பிடித்துப்போனது.

ஆவணி முடிவில் அடுத்த கடிதம் வந்தது. மந்திரி இரண்டு திட்டத்தில் ஒன்றை மூடிவிட்டாராம். ஒப்பந்தம் இல்லாமலே அண்டைநாடு போய்விடும் என்று வைத்துக்கொண்டுதான் பட்ஜெட் போடப்போகிறாராம். 

லாத்தா நோட்டை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. எல்லாம் எங்கள் காதில் விழுந்தது.

"அண்ணாச்சி, இந்தச் சரக்கு இங்கிலாந்து வழியா வேண்டாம். நெதர்லாந்துல எறக்கி, அங்கேருந்து கப்பல்லயே நேரா அயர்லாந்துக்குப் போவட்டும்."

"செலவு?"

"கூடத்தான்."

"நாளு?"

"அதுவும் கூடத்தான். அந்தக் கப்பலப் புடிக்கணும்னா பத்து நாள் முந்தி நம்ம சரக்கு ரெடியாவணும்."

"ஏம்மா, அவன் நாட்டுல மேகம் கறுத்தா நான் வல்லநாட்டுல கொட புடிக்கணுமாக்கும்?"

"ஒரு நாட்டு மந்திரியே கெட்ட பக்கத்த வச்சுத்தான் திட்டம் போடுதாரு. அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போவுது? நடுவழியில சரக்கு நின்னு ஈரம் பட்டா இலை கறுத்துப் போவும். கறுத்த இலைய அவரு ஏன் வாங்குதாரு? அந்த ஆளு போனா இந்தப் பொம்பளைய எங்கன போவாளுவ?"

முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி. ஆனா கூடுதல் செலவுக்குத் தீவாளிக் காசுலதான் கை வைப்பேன். பொறவு ஒருத்தியும் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது. நீங்களே சொல்லிக்கிடுங்க" என்றார்.

லாத்தா எங்களிடம் வந்து சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. தீபாவளிக் காசு பாதிதான் வரும், நாலு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரவேண்டும், வந்தால் அயர்லாந்துக்காரர் நமக்கு நிற்பார் என்றார். வேலை போய்விடும் என்ற பயத்தில் எல்லோரும் தலையாட்டினோம். நாலு ஞாயிறும் அவரும் வந்தார். மேசையை விட்டுவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்து இலை பிரித்தார். எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் தோளில் கைவைத்து எழுவார். கனமில்லாத கை.

சரக்கு போயிற்று. தீபாவளிக்குப் பாதிக் காசு வந்தது. அதற்குள் அயர்லாந்தில் பட்ஜெட்டும் வாசித்திருந்தார்கள். மாடு வளர்ப்பவர்கள் இறைச்சி விற்க முடியாமல் போனால் கொடுக்க என்று மந்திரி பணம் ஒதுக்கியிருக்கிறார். வயதானவர்களுக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டிய பென்ஷனை இந்த வருடம் கூட்டவில்லை. லாத்தா இதைச் சொல்லி, "அங்கன உள்ள கெழவிகளுக்கும் தீவாளிக் காசு பாதிதாம்ட்டி" என்றார். அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தோம். என் மகளுக்குச் சுடிதார் எடுக்கவில்லை. பொங்கலுக்கு எடுக்கலாம் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது என்னிடமிருந்து அவளுக்குப் போனது.

தீபாவளி முடிந்து கிட்டங்கி திறந்த அன்று செல்வராணி வாசலிலிருந்தே செய்தியைக் கொண்டுவந்தாள். 

"தள்ளி வச்சுட்டாங்களாம்லா! இங்கிலாந்து இப்பப் போவலையாம்!"

லாத்தாவுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் பார்த்தார். நோட்டைத் திறந்தார். இடது பக்கத்தில் குறுக்காகக் கோடு இழுத்தார். பழக்கதோஷம். "மிச்சம்" என்று சொல்லிவிட்டார்.

"யாருக்கு மிச்சம்?" செல்வராணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்றாள். "எம் புள்ள பழைய சட்டையப் போட்டுக்கிட்டு அடுத்தவன் போட்ட வெடிய வேடிக்க பாத்துக்கிட்டு நின்னான். யாருக்கு மிச்சம்ங்கேன்?"

"தள்ளித்தான வச்சிருக்கான். போறேன்னு சொன்னவன் போவத்தாம்ட்டி செய்வான்."

"நீங்க எழுதி எழுதியே அவன வெரட்டிருவிய! ஒங்க நோட்டப் பாத்து எங்க வீட்டுல உல கொதிக்கணுமாக்கும்?"

பேச்சியம்மா, மற்றவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சொல்லாதது நான் ஒருத்திதான். அதை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் செல்வராணி என் பக்கத்தில் வந்து நின்றாள். 

"நாளைக்கி ஒன் முறை. மேசைக்கு ஊத்தாத. ஏழு பேருக்குப் போதும்."

நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் எட்டுப் பேருக்குத்தான் குழம்பு வைத்தேன். முருங்கைக்காயும் மாங்காயும் போட்டது, லாத்தாவுக்குப் பிடிக்கும். பஸ்ஸில் மடியில் தூக்குச்சட்டி சுட்டுக்கொண்டே வந்தது. ஊற்றத்தான் போகிறேன் என்று ஆற்றுப்பாலம் வரும்வரை நினைத்திருந்தேன்.

மத்தியானம் வட்டமாக உட்கார்ந்தோம். லாத்தாவும் வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, தட்டில் சோற்றைப் போட்டு, நடுவில் குழித்துவைத்துக்கொண்டார். நான் ஒவ்வொரு தட்டாக ஊற்றிக்கொண்டு வந்தேன். அவர் தட்டுக்கு மேல் அகப்பை வந்துவிட்டது. செல்வராணி தொண்டையைச் செருமினாள். அவ்வளவுதான். என் கை அந்தத் தட்டைத் தாண்டி அடுத்த தட்டுக்குப் போய்விட்டது. ஒரு சொட்டு மட்டும் அவர் தட்டின் விளிம்பில் விழுந்தது.

லாத்தா குனிந்து பைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சம்படத்தை எடுத்தார். மூடியைத் திறந்ததும் புளியாண வாசனை வந்தது. சோற்றுக்குழியில் ஊற்றிக்கொண்டார். 

"ஏட்டி அயர்லாந்து, வெசனப்படாத" என்றார் பைய. "இதுவும் எழுதித்தான் வச்சிருந்தேன்."

யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. நான் ஊற்றமாட்டேன் என்பது எனக்கே தெரியாமலிருந்த நேரத்தில், மேலப்பாளையத்தில் தன் வீட்டு அடுப்பில் அவர் எனக்காகப் புளி கரைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகும் லாத்தா முன்போலவே பேசினார். தார்ப்பாய் விரிக்கச் சொன்னார். குழம்பு நேரத்தில் மட்டும் மேசையிலேயே சாப்பிட்டுக்கொண்டார். பொங்கல் கழிந்து ஒருநாள், மகள் வீட்டோடு பெங்களூருக்குப் போகப்போவதாக முதலாளியிடம் சொன்னார். போகிற அன்று எல்லோரிடமும் கைபிடித்துச் சொல்லிக்கொண்டார். என் கையைப் பிடித்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிச்சிருங்க லாத்தா என்பது இரண்டு சொல். அது வாய்வரை வந்தது.

அவர் போன பிறகு அந்த மாதக் கடைசியில் இங்கிலாந்து பெயருக்கு விலகியது. ஒரு வருடத்துக்கு எல்லாம் பழையபடியே நடக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். எங்கள் சரக்கு நெதர்லாந்து வழியாகவே போய்க்கொண்டிருந்தது. முதலாளிக்கு அதில் நம்பிக்கை வந்துவிட்டதால் அல்ல. வழியை மாற்ற வேண்டுமென்றால் எல்லாக் காகிதத்தையும் மறுபடி எழுத வேண்டும், எழுத லாத்தா இல்லை. நடுவில் கொரோனா வந்து கிட்டங்கி மூடியது, திறந்தது. அந்த வருடம் முடிந்த அன்று இங்கிலாந்துக்கும் கூட்டுக்கும் நடுவில் கதவு நிஜமாகவே சாத்தப்பட்டது.

தை மாதம் அயர்லாந்துக்காரர் எழுதியிருந்தார். முதலாளி அதை வெளியே வந்து நின்று வாசித்தார். இங்கிலாந்து வழியாக வரவேண்டிய மற்றவர்களின் சரக்கெல்லாம் துறைமுகத்தில் காகிதம் சரியில்லாமல் நிற்கிறது, எங்களுடையது மட்டும் வந்துசேர்ந்தது, அடுத்த வருடத்துக்கும் எங்களிடமே வாங்குகிறேன் என்று இருந்தது. செல்வராணி முறத்தில் இருந்த இலையையே புரட்டிக்கொண்டிருந்தாள். 

"அந்தக் காயிதக் கட்ட லாத்தா எங்கன வச்சாவன்னு பாருங்க, மத்த சரக்கையும் அந்த வழிக்கே மாத்திருவோம்" என்றார் முதலாளி.

மேசை டிராயரைத் துழாவியது நான்தான். காகிதக் கட்டுக்கு அடியில் நோட்டு இருந்தது. நான் தேடிப் புரட்டவில்லை. பக்கங்களில் தேதி இருந்தது, அந்த நாள் எது என்று எனக்குத் தெரியுமே. இடது பக்கத்தில், அவருடைய சாய்ந்த எழுத்தில், 'அயர்லாந்து ஊத்தாட்டி' என்று இருந்தது. கீழே, 'புளியாணம், சின்னச் சம்படம்'. அந்தப் பக்கத்தில் கோடு இழுக்கவில்லை. வலது பக்கத்தையும் அன்றைக்கு எழுதியிருந்தார். 'ஊத்துனா, புளியாணம் அவளுக்கு.'

முதலாளியிடம் அன்றே லாத்தாவின் போன் எண்ணை வாங்கிக்கொண்டேன். வாங்கி வருடங்களாகின்றன. எத்தனையோ நாள் எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மணி அடிப்பதற்குள் நிறுத்திவிடுவேன். என் மகள் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டாள். சுடிதார்களை அவளே எடுத்துக்கொள்கிறாள்.

போன வாரம் கிட்டங்கிக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார்கள். ஒருவர் ஏணியில் நின்று, லாத்தா அங்கி மாட்டும் ஜன்னலோரத்து ஆணியைப் பிடுங்கச் சுத்தியலை மாட்டினார். 

"அத எடுக்காதிய!" என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரல் என்னுடையது. 

"ஏட்டி, நீயா சத்தம் போட்ட?" என்று பேச்சியம்மா வாயைப் பிளந்தாள். செல்வராணி எழுந்துபோய் வெள்ளையடிப்பவரிடம், "அண்ணே, அதச் சுத்தி அடிங்க. ஆணி இருக்கட்டும்" என்றாள்.

அன்று சாயங்காலம் கூப்பிட்டேன். நிறுத்தவில்லை. ஒரு பெண் எடுத்தாள். 

"உம்மா தொழுதுட்டு இருக்காங்க. யாரு பேசுறீங்க?"

என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். "அயர்லாந்துன்னு சொல்லுங்க" என்றேன்.

"எங்கேருந்து? அயர்லாந்துலேருந்தா?"

"இல்லம்மா. வல்லநாட்டுலேருந்து. அயர்லாந்து பேசுனேன்னு சொன்னாப் போதும்."

அந்தப் பெண் சிரித்தாள். எழுதிக்கொண்டாள் போலிருக்கிறது. உம்மாவைக் கூப்பிடச் சொல்கிறேன் என்றாள்.

இன்றைக்கு ஆறு நாள். போனை இலைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன். நேற்று ராத்திரி மகளின் பழைய நோட்டு ஒன்றை விரித்து, நடுவில் நீவிவிட்டு, இடது பக்கத்தின் தலையில் 'கூப்பிடாட்டி' என்று எழுதினேன். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. 

நாளைக்கு என் முறை. எட்டுப் பேருக்கு ஆகிற அளவுக்கு முருங்கைக்காய் பறித்து வைத்திருக்கிறேன்.